ஓபி-ல கிடைக்கற ரெண்டு நிமிஷத்துல வேலை, வீடு, தண்ணி பத்தியெல்லாம் எப்படி கேக்கறீங்க?

புதுஸ்டெத்:

வணக்கம் சீனியர்ஸ். ஜெனரல் பிராக்டிஸ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. கம்யூனிட்டி மெடிசின்ல எக்ஸ்போஷர் ஹிஸ்டரி, அதாவது பேஷண்ட் உடம்புல எதெல்லாம் படுதுங்கற விவரம், எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க, சுத்துப்புறம், வீடு, பொழுதுபோக்கு, வேலை, பழக்கம், சாப்பாடு, மருந்துன்னு ஏழு தலைப்பு, எக்ஸாம்ல எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. இப்ப ஓபி-ல உக்காந்தா அந்த ஏழையும் ஒரு பேஷண்ட்கிட்ட கேட்டு முடிக்கறதுக்குள்ள வெளிய இருக்கறவங்க கதவைத் தட்ட ஆரம்பிச்சிடறாங்க.

வர்றது எல்லாமே தலைவலி, அசதி, இருமல், வயித்து வலி, அரிப்பு. இதுல எது வேலையால வந்தது, எது வீட்டுக் காத்தால வந்தது, எது சும்மா வந்ததுன்னு எப்படிப் பிரிக்கறது? "என்ன வேலை பாக்கறீங்க"ன்னு கேட்டா "கம்பெனில"ன்னு சொல்லி முடிச்சிடறாங்க. இன்னொரு பக்கம் நெட்ல எதையோ படிச்சிட்டு வந்து "உடம்புல இருக்கற எல்லா மெட்டலுக்கும் டெஸ்ட் எழுதிக் குடுங்க"ன்னு நிக்கறவங்க. தினசரி நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க, டெக்ஸ்ட்புக் பதில் வேணாம் ப்ளீஸ்.

பட்டறை டாக்டர்:

தம்பி, பேஷண்ட்கிட்ட "என்ன தொழில்"னு கேளுங்கன்னு ராமசினின்னு ஒரு இத்தாலி டாக்டர் 1700-லயே எழுதி வெச்சிட்டுப் போயிட்டார், முன்னூறு வருஷம் தாண்டியும் நாம அதை ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்லிப்ல ஒரு கட்டம் போட்டு கிளார்க்கை நிரப்ப வெச்சிட்டு இருக்கோம். அந்தக் கட்டத்துல வர்றது பதவி. நமக்கு வேண்டியது அது இல்ல. "மெக்கானிக்"னு இருக்கும், ஆளு நாள் பூரா ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கறவனா இருப்பான். "சூப்பர்வைசர்"னு இருக்கும், போன மாசம் வரைக்கும் கல்லு அறுத்திருப்பார்.

அதனால நான் கேக்கறது "காலைல போன உடனே கையில என்ன எடுப்பீங்க, அதுக்கப்புறம் என்ன செய்வீங்க"ன்னுதான். இப்படிக் கேட்டா பதவி வராது, வேலை வரும். அவரே கையை ஆட்டி செஞ்சு காட்டுவார், எந்தப் பக்கம் தூசி பறக்கும், எதை ஊத்தி கழுவுவாருன்னு எல்லாம் வந்துடும். அடுத்து "லீவுல எப்படி இருக்கு", அப்புறம் "கூட இருக்கறவங்க யாருக்காவது இப்படி இருக்கா". வீட்லயும் சரி வேலை இடத்துலயும் சரி. எனக்குத் தெரிஞ்சு இந்த மூணு கேள்வி பத்து பக்க ஃபார்முக்கு சமம்.

லீவு கேள்வில மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஆஸ்துமாவை எடுத்துக்கோங்க. மாவு தூசி மாதிரி சிலது உடனே இழுக்கும், பேஷண்டே சொல்லிடுவார். ஆனா பெயிண்ட்ல, ஃபோம்ல வர்ற ஐசோசயனேட் நாலஞ்சு மணி நேரம் கழிச்சுதான் வேலையைக் காட்டும், ஆளு வீட்டுக்குப் போய் படுத்தப்புறம் இருமுவார், கேட்டா "வேலைல ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்லதான்"ம்பார். நீங்களும் தலகாணி, நாய், பூனைன்னு தேடிட்டு இருப்பீங்க. ரொம்ப நாள் ஆயிட்டா ஒரு வாரக் கடைசி லீவு பத்தாது, நீளமா லீவு போட்டாதான் மூச்சு லேசாகும். சந்தேகம் வந்தா மூச்சை எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு அளக்கற பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு குடுத்து ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி எழுதச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் மூணு ஊதல்ல பெஸ்ட் எதுவோ அது. குறைஞ்சது ரெண்டு வாரம், முடிஞ்சா நாலு, நடுவுல லீவு நாளும் வரணும். அதை கிராஃப்ல போட்டா லீவு நாள்ல கோடு மேல ஏறி வேலை நாள்ல இறங்கறது கண்ணுக்கே தெரியும். வேலைக்குப் போகாத நாளை ஓரத்துல குறிக்கச் சொல்ல மறந்துடாதீங்க, இல்லாட்டி அந்தப் பேப்பர் வேஸ்ட்.

"கூட இருக்கறவங்களுக்கும் இருக்கா" எதுக்குன்னா கார்பன் மோனாக்சைடு. குளிர் காலத்துல குடும்பமே தலைவலி, குமட்டல், அசதின்னு வந்தா வைரல்னு எழுதிடுவோம், வெளிய போனா சரியாகுதான்னு யாரும் கேக்கறது இல்ல. காய்ச்சல் இல்லாத ஃப்ளூ ஒரே வீட்ல எல்லாருக்கும்னா எனக்கு முதல்ல ஹீட்டர், அடுப்பு, கராஜ்ல ஓடற வண்டி, ஜெனரேட்டர்தான் ஞாபகம் வரும். இதுல பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பிடாதீங்க. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறின ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட ஒரே சிவப்பு, 98-னு காட்டிட்டு சும்மா இருக்கும், ஆளு உள்ள மூச்சு முட்டிட்டு இருப்பார். ரத்தம் எடுத்து, இந்த ரெண்டையும் பிரிச்சு அளக்கற கோ-ஆக்சிமெட்ரி டெஸ்ட் போட்டாதான் தெரியும். அதையும் சீக்கிரம் எடுக்கணும், சாதாரண காத்துல நாலஞ்சு மணி நேரத்துல பாதியா குறைஞ்சிடும், மாஸ்க்ல ஃபுல் ஆக்சிஜன் குடுத்தா ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்துலயே. ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் போட்டு கூட்டிட்டு வந்து லேட்டா எடுத்த சாம்பிள் நார்மல்னா அது ஒண்ணுத்தையும் நிரூபிக்காது. முக்கியமா, காரணம் தெரியாம அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிடாதீங்க.

சலிச்சுப்போன ஜிபி:

சார் சொல்றது எல்லாம் கரெக்ட்தான், ஆனா சார்கிட்ட வர்றவங்க ஏற்கனவே சலிச்சு அனுப்பின கூட்டம். எங்ககிட்ட வர்றது மொத்த ஜனம். எல்லாரும் ஏதோ ஒரு புகைல, ஏதோ ஒரு தூசிலதான் இருக்காங்க, கேட்டா எல்லாருக்கும் "ஆமா"தான் வரும். அந்த "ஆமா"வை வெச்சு நான் என்ன பண்ண? எல்லா அசதிக்கும் பக்கத்துல இருக்கற டவர்தான் காரணம்னு வந்து உக்காரறவருக்கு நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும், பாத்தா தைராய்டா இருக்கும், தூக்கம் இல்லாததா இருக்கும்.

அதனால புதுஸ்டெத், எல்லார்கிட்டயும் கேக்கணும்னு மனசை உறுத்திக்காதீங்க. நான் கேக்கறது எப்பன்னா: அதே கம்ப்ளெயிண்டோட ரெண்டாவது தடவை வரும்போது, மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்துல வேலை செய்யாதப்ப, பெரியவங்களுக்குப் புதுசா ஆஸ்துமா வந்தா, கையில மட்டும் தோல் உரிஞ்சா, சின்ன வயசுக்காரருக்குக் காரணமே இல்லாம நரம்பு மரத்துப் போனா, கிட்னி போனா. அப்புறம் டிபி மருந்து ரெண்டாவது ரவுண்டு ஓடியும் சளில கிருமியே வராத ஆளு, இவரை எக்ஸ்ரேவோட உக்கார வெச்சு கல்லு, மணல், சுரங்கம்னு கேட்டே ஆகணும். கல்லு, மணல்லேந்து வர்ற சிலிக்கா தூசி படிஞ்ச நுரையீரல் (சிலிகோசிஸ்) டிபி மாதிரியே வேஷம் போடும். கொடுமை என்னன்னா சிலிக்கா இருக்கறவங்களுக்கு டிபி வர்ற ரிஸ்க்கும் அதிகம், ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதனால இது இருந்தா அது இல்லைன்னும் சொல்லிட முடியாது.

இது ஏதோ பழைய காலத்து நோயின்னும் நினைச்சிடாதீங்க. கிச்சன் மேடைக்குப் போடற செயற்கைக் கல்லு இருக்கே, அதுல சிலிக்கா அளவு ரொம்ப ஜாஸ்தி, அதை அறுத்த இளவயசு ஆளுங்களுக்கு சிலிகோசிஸ் வந்து ஆஸ்திரேலியால 2024 ஜூலைலேந்து அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க.

குட்டி வார்டு:

நான் பீடியாட்ரிக்ஸ். எங்க ஏரியால ஜிபி சொன்ன "மருந்து வேலை செய்யாதப்ப"ங்கறது இப்படித்தான் வரும். ரெண்டு வயசுக் குழந்தை, ரத்தசோகை, அயர்ன் சிரப் ஒழுங்கா குடுத்தும் ஹீமோகுளோபின் ஏறல, மலச்சிக்கல், வயித்து வலி, வளர்ற பேச்சு நின்னுபோச்சு. அம்மாகிட்ட சாப்பாடு, பூச்சி மாத்திரை எல்லாம் கேட்டாச்சு. அப்பா கூட வந்திருந்தார், காலணியைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு உக்காந்தார், ஷூ மேல சாம்பல் கலர்ல ஒரு படிவு. "உங்க கையால என்ன செய்வீங்க"ன்னு கேட்டா பழைய பேட்டரியைப் பிரிச்சு தகடு எடுக்கறதுன்னாரு. வேலை முடிஞ்சு அதே டிரஸ்ல வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவாராம். அந்தக் குழந்தை வேற எங்கயும் போகவே வேண்டாம், பேட்டரி பட்டறை தானா அதோட மடிக்கு வந்துடுச்சு.

காரீயம், அதாவது லெட், ஹீமோகுளோபின் செய்யற என்சைம்களையே அடைச்சிடும், அதனாலதான் சோகை. குழந்தைங்க வாய்க்குள்ள போற காரீயத்துல பெரியவங்களை விட நாலஞ்சு மடங்கு ஜாஸ்தியா உடம்பு உறிஞ்சும், அயர்ன் கம்மியா இருந்தா இன்னும் அதிகமா ஏறும், ஒண்ணு இன்னொண்ணை இழுத்து விடும். இதுக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற அளவே இல்லைன்னு டபிள்யூஹெச்ஓ சொல்லுது. அமெரிக்கால சிடிசிங்கற நோய்த் தடுப்பு மையம் 2021-ல வெச்ச அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் இருக்கே, அதை நிறைய பேர் "3.4 வரைக்கும் சேஃப்"னு படிக்கறாங்க. அது அப்படி இல்ல, அந்த நாட்டுக் குழந்தைங்கள்ல அதிகமா இருக்கற ஓரத்தைப் பிடிக்க வெச்ச கோடு, அவ்வளவுதான்.

விரல்ல குத்தி எடுத்த சாம்பிள் அதிகமா வந்தா உடனே பதறாதீங்க, விரல்ல ஒட்டியிருக்கற தூசியே ரிசல்ட்டை ஏத்திடும், சிரைல எடுத்து கன்ஃபர்ம் பண்ணுங்க. 45-க்கு மேல போனாதான் செலேஷன், அதாவது மெட்டலைப் பிடிச்சு யூரின்ல வெளியேத்தற மருந்து, அந்தப் பேச்சு. அதுக்குக் கீழ மருந்தே காரணத்தை நிறுத்தறதுதான். அப்பா வேலை இடத்துலயே குளிச்சு டிரஸ், ஷூ மாத்திட்டு வரணும், அந்தத் துணியைத் தனியா துவைக்கணும், வீட்டைப் பெருக்காம ஈரத்துணியால துடைக்கணும், அயர்னும் கால்சியமும் சரியா போகணும். அளவு மெதுவாதான் இறங்கும்னு முதல்லயே சொல்லிடுங்க. ரத்தத்துல இருக்கறது பாதியாக ஒரு மாசம் போல ஆகும், ஆனா எலும்புல போய் உக்காந்தது வருஷக்கணக்கா கசிஞ்சிட்டே இருக்கும். இல்லைன்னா ரெண்டாவது ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அப்பா ஏதோ ஏமாத்தறார்னு வீட்ல சண்டை வந்துடும், பாத்திருக்கேன்.

சென்ட்ரிஃபியூஜ்:

லேப்லேந்து ரெண்டு வார்த்தை. "ஹெவி மெட்டல் பேனல்"னு பொதுவா எழுதி அனுப்பாதீங்க டாக்டர்ஸ், கெஞ்சிக் கேக்கறேன். எந்த மெட்டல், எப்ப பட்டது, தினமுமா ஒரு தடவையான்னு தெரியாம டெஸ்ட் போட்டா ஏதாவது ஒண்ணு லேசா தூக்கிட்டு வரும், அதுக்கப்புறம் பேஷண்ட்டுக்குத் தூக்கம் போச்சு. ஆர்சனிக்தான் கிளாசிக். முந்தின நாள் நல்லா மீன், இறால்னு சாப்பிட்டுட்டு யூரின் குடுத்தா மொத்த ஆர்சனிக் எகிறும், அது கடல் உணவுல இருக்கற கெடுதல் இல்லாத வகை. சில நாள் கடல் உணவை நிறுத்திட்டு எடுக்கணும், இல்ல வகை பிரிச்சுப் பாக்கற டெஸ்ட் கேக்கணும். டியூபும் சாதாரண டியூப் ஆகாது, ட்ரேஸ் எலிமென்ட் டியூப்னு தனியா கேளுங்க.

அதைவிட மோசம், முதல்ல செலேஷன் மருந்தைக் குடுத்துட்டு அப்புறம் யூரின் எடுத்து "பாருங்க எவ்வளவு விஷம்"னு காட்டறது. மருந்து குடுத்தா யாருக்கா இருந்தாலும் மெட்டல் வெளிய வரும், ஆரோக்கியமா இருக்கறவருக்கும். அந்த நம்பரை ஒப்பிட ஒரு நார்மல் ரேஞ்சே கிடையாது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டிதான் டீடாக்ஸ் கோர்ஸ் விக்கறாங்க. செலேஷன் விளையாட்டு மருந்து இல்ல, இடிடிஏங்கற செலேஷன் மருந்துல கால்சியம் சேர்ந்த வகைக்குப் பதிலா வெறும் சோடியம் இடிடிஏ மாறிப் போய் ரத்தத்துல கால்சியம் இறங்கி குழந்தையே செத்திருக்கு.

ராடும்ஹோல்டரும்:

நான் டாக்டர் இல்ல, வெல்டிங் வேலை. தங்கச்சி நர்சிங் படிக்குது, அதுதான் இதைக் காட்டுச்சு. எங்க பக்கத்துலேந்து ஒண்ணு சொல்றேன். கால்வனைஸ் பூசின பைப்பை மூடின இடத்துல அடிச்சா அன்னைக்கு சாயங்காலம் குளிர், காய்ச்சல், வாயில இரும்பு ருசி, மேலெல்லாம் வலி. மறுநாள் போயிடும். லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த முதல் நாள்தான் அதிகமா போட்டுத் தாக்கும், தொடர்ந்து செஞ்சா பழகிடும். காய்ச்சல்னு போனா ஊசி, ஆன்டிபயாட்டிக், அடுத்த லீவு முடிஞ்சு மறுபடியும் அதே. யாரும் என்ன பைப்புன்னு கேக்கல. நாங்களா பால் குடிச்சா சரியாகும்னு குடிப்போம், அது சும்மா மனசுக்குத்தான்.

இன்னொண்ணு, நாங்க சொல்லாததுக்குக் காரணம் தெரியாம இல்ல. கம்பெனி ஆளு கூடவே வந்து நிப்பாரு, இல்லைன்னா ரிப்போர்ட் நேரா ஆபீசுக்குப் போயிடும்னு பயம். "தூசிப் பக்கம் போகக்கூடாது"ன்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா எங்களுக்கு வேற பக்கம் வேலை தர மாட்டாங்க, வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அதனால கேக்கறதா இருந்தா கூட வந்தவரை வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க. எழுதறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.

நைட்டு ட்யூட்டி சிஸ்டர்:

வெல்டர் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம ஆஸ்பத்திரிக்குள்ளயும் அதே கதைதான், ஆனா அதை யாரும் ஹிஸ்டரில கேக்கறது இல்ல, ஏன்னா பேஷண்டே ஸ்டாஃப்தான். எண்டோஸ்கோப் ஊற வைக்கற குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினித் தட்டை மூடி போடாம வெச்சிட்டு ஜன்னல் இல்லாத ரூம்ல வேலை செய்வாங்க, கண்ணு எரியும், மூக்கு ஒழுகும், கொஞ்ச வருஷத்துல வீசிங் வரும், "உனக்கு அலர்ஜி உடம்பு"ன்னு சொல்லி இன்ஹேலர் குடுத்துடுவாங்க. சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுக்கோன்னு சொல்றவங்களுக்கு: அந்த மாஸ்க் ஆவியைத் தடுக்காது, என்95-உம் தூசிக்குத்தான், ஆவிக்கு இல்ல. மூடியும் எக்ஸாஸ்டும்தான் முதல் வைத்தியம். பவுடர் போட்ட லேடெக்ஸ் கிளவுசும் இப்படித்தான், பவுடர் காத்துல பறந்து லேடெக்சை மூச்சுக்குள்ள கொண்டு போகும், அமெரிக்கால 2017-ல அதை நிறுத்தியே விட்டாங்க.

புதுஸ்டெத், உங்க கிளினிக்ல இன்னும் பாதரச தெர்மாமீட்டர், பாதரச பிபி மெஷின் இருந்தா முதல்ல அதை மாத்துங்க. பாதரசத்தைக் கட்டுப்படுத்தற மினமாட்டா சர்வதேச ஒப்பந்தப்படி 2020-லயே அதோட தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் நின்னிருக்கணும், ஆனா பழசு அலமாரில தூங்கும். உடைஞ்சா விளக்குமாறால பெருக்காதீங்க, வேக்குவம் கிளீனர் கண்டிப்பா வேணாம், உருண்டை உடைஞ்சு பொடியாகி ஆவிதான் அதிகமாகும். ஆளுங்களை வெளிய அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால உருண்டைங்களை ஒண்ணா தள்ளி, டிராப்பர்ல உறிஞ்சி, இறுக்கமா மூடற டப்பால போட்டுத் தனியா குடுக்கணும். சிங்க்ல ஊத்தறதோ எரிக்கற குப்பைல போடறதோ கூடாது.

புதுஸ்டெத்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா வெல்டர் அண்ணனுக்கு. இன்னும் ஒரு சந்தேகம். கேட்டேன், கண்டுபிடிச்சேன்னு வெச்சுக்கோங்க. பேட்டரி அப்பாவோட பட்டறைல இன்னும் பத்துப் பேர் இருப்பாங்க, அவங்க வீட்லயும் குழந்தை இருக்கும். எனக்கு முன்னாடி உக்காந்திருக்கறது ஒருத்தர்தான். நான் வெளிய சொன்னா அவர் வேலை போகும், சொல்லாட்டி மத்தவங்க கதி? இதுல என் வேலை எங்க முடியுது?

பட்டறை டாக்டர்:

இங்கதான் கஷ்டமே. முதல்ல உங்க இடத்துல எது எதை கட்டாயமா அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும்னு பட்டியல் இருக்கும், அதை எடுத்துப் படிச்சு மேஜைல வெச்சுக்கோங்க. காரீய விஷம், சிலிகோசிஸ் எல்லாம் நிறைய இடங்கள்ல அந்தப் பட்டியல்ல இருக்கும். பட்டியல்ல இருந்தா உங்களுக்கு சாய்ஸ் இல்ல, பேஷண்ட்கிட்டயும் "சட்டப்படி தெரிவிக்கணும், முதலாளிக்கு இல்ல, சுகாதாரத் துறைக்கு"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. பட்டியல்ல இல்லாதப்ப அவர் சம்மதம் இல்லாம முதலாளிக்கு போன் போடறது கூடவே கூடாது. ஆனா பேர் இல்லாம பொது சுகாதார ஆபீஸ்ல "இந்த மாதிரி வேலை செய்யற இடத்துலேந்து இப்படி ஒரு கேஸ் பாத்தேன், வேற யாராவது சொன்னாங்களா"ன்னு கேக்கலாம். சின்னப் பட்டறைன்னா பேர் சொல்லாட்டியும் ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க, அதனால அதையும் அவர்கிட்ட பேசிட்டுச் செய்யுங்க. கூட வேலை செய்யறவங்களை, அவங்க குழந்தைங்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்றது பெரும்பாலும் அவர் மூலமாவே நடக்கும், அதுதான் பத்திரமான வழியும்.

மினமாட்டா பேரை சிஸ்டர் எடுத்ததால சொல்றேன். அது ஜப்பான்ல ஒரு ஊர், 1956-ல அந்த ஊர் ஆலையோட ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னப் பொண்ணு நடக்க முடியாம, பேச்சு குழறி வந்துச்சு, கொஞ்ச நாள்ல தங்கச்சிக்கும் அதே. அவங்க அம்மாதான் "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருக்கு"ன்னு சொன்னாங்க. வீடு வீடா விசாரிச்சா இன்னும் ஆளுங்க. ஆஸ்பத்திரித் தலைவர் ஹொசோகாவா மே 1-ஆம் தேதி சுகாதார ஆபீசுக்குத் தெரிவிச்சார், காரணம் என்னன்னு அப்ப அவருக்கும் தெரியாது, "காரணம் தெரியாத நரம்பு நோய்"னுதான் சொன்னார். நிரூபிச்சிட்டுத்தான் சொல்லணும்னு அவர் காத்திருக்கல. ஆனா முழுக் கதையும் நல்லா முடியல, ஆலைக் கழிவை பூனைக்குக் குடுத்துப் பாத்து அதுக்கும் அதே நோய் வந்ததை நிர்வாகம் அமுக்கிடுச்சு, பாதரசம் கலந்த அந்தக் கழிவு கடலுக்குப் போறது நிக்க 1968 ஆச்சு. டாக்டர் சொன்னா உடனே எல்லாம் மாறிடும்னு நினைச்சுட்டு ஆரம்பிக்காதீங்க.

கேஸ் ஷீட்ல நோயோட பேருக்குப் பக்கத்துலயே ஒரு வரி, கையால என்ன செய்றார், எத்தனை வருஷமா, எந்தப் பொருள். ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி சிலது முப்பது, நாப்பது வருஷம் கழிச்சு எந்திரிக்கும், அப்ப இருக்கற டாக்டருக்கும் இழப்பீடு கேக்கற குடும்பத்துக்கும் உங்க அந்த ஒரு வரிதான் ஆதாரம். வேலையால வந்ததுன்னு உறுதியா தெரியாதப்ப அப்படி எழுதாதீங்க, "இந்த வேலை செய்றார், லீவுல குறையுதுன்னு சொல்றார்"னு அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க.

சலிச்சுப்போன ஜிபி:

அந்த ஒரு வரிக்கு என் சாஃப்ட்வேர்ல இடமே இல்ல சார், டிராப் டவுன்ல "பிரைவேட் ஜாப்"னு இருக்கறதைத்தான் க்ளிக் பண்ணணும். அலர்ஜி எழுதற கட்டத்துல போட்டு வெச்சிருக்கேன், அது மட்டும்தான் ஒவ்வொரு விசிட்லயும் ஸ்கிரீன் மேல சிவப்புல வந்து நிக்குது.

பட்டறை டாக்டர்:

அது நல்ல ஐடியாவா இருக்கே, ஆனா ஃபார்மசிக்கு ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடுங்க, "சிலிக்கா"னு பாத்துட்டு பாதி மாத்திரையைத் திருப்பி அனுப்பிடுவாங்க, மாத்திரைல ஃபில்லரா அதுவும் இருக்கும் :)